பிரான்சின் உணவு மேசையும் மொழிகளின் வாழ்வும்

முன்னுரை

பிரான்சு நாட்டுக்குச் செல்லும் பயணி முதலில் காண்பவை ஐஃபெல் கோபுரமும் லூவர் அருங்காட்சியகமும் சேன் ஆற்றுப் பாலங்களுமே. அவற்றைக் காண்பதற்கு மொழியறிவு தேவையில்லை, கண்கள் போதும். ஆனால், அந்நாட்டு மக்கள் எவ்வாறு வாழ்கின்றனர், எதனைப் பெரிதாக மதிக்கின்றனர், எதனை இழந்தனர் என்பவற்றை அறிய விரும்புவோர் சற்று நேரம் உணவு மேசையில் அமர்ந்து, அங்கு வழங்கும் சொற்களைச் செவிமடுக்க வேண்டும். வேளை உணவின் பெயர், ரொட்டியின் பெயர், பாலாடைக்கட்டியின் பெயர் என ஒவ்வொன்றும் ஒரு வரலாற்றைத் தன்னுள் வைத்திருக்கிறது.

இவ்வுரையில் நாம் பிரெஞ்சு மக்களின் உணவையும் மரபுகளையும் அவர்தம் சொற்களின் துணைகொண்டு அணுகுகிறோம். முதலில் அவர்களது முகமன் முறையையும் உணவு ஒழுங்கையும் காண்போம். அடுத்து ரொட்டி, நிலம், பண்டிகை ஆகியவற்றைப் பற்றி அறிவோம். அதன்பின் அந்நாட்டின் வட்டார உணவுகளையும் அவற்றுக்குப் பெயரிட்ட வட்டார மொழிகளையும் நோக்குவோம். ஒரு மொழியின் உணவுப் பெயர்கள் நிலைத்துவிட்டால் அம்மொழியும் நிலைத்துவிடுமா என்பதே இறுதியில் நாம் எழுப்பும் வினா. இவ்வினா பிரான்சுக்கு மட்டும் உரியதன்று. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ் கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் உரியது.

1. வாயிற்படியில் ஒரு சொல்

பிரான்சில் ஒரு கடைக்குள் நுழைபவர் முதலில் சொல்ல வேண்டிய சொல் 'பொன்ஜூர்'. 'நல்ல நாள்' என்பது அதன் நேர்ப்பொருள். மாலையானால் 'பொன்சுவார்' என்பர். ரொட்டிக் கடையாயினும் மருந்துக் கடையாயினும், வேண்டிய பொருளின் பெயரைச் சொல்லுமுன் இச்சொல்லைச் சொல்லுதல் வேண்டும். சொல்லாமல் நேரே 'இது என்ன விலை?' என்று வினவுபவரை அவர்கள் பண்பற்றவராகக் கருதுவர். பிரெஞ்சு மக்கள் அயலாரிடம் கடுமையாக நடந்துகொள்கின்றனர் எனப் பயணிகள் சிலர் குறைகூறுவதுண்டு. அக்கடுமைக்குப் பெரும்பாலும் காரணம் இவ்வொரு சொல் விடுபட்டமையே எனலாம். கடைக்காரரைப் பொருள் எடுத்துத் தரும் கருவியாகக் கருதாமல், தமக்கு நிகரான மனிதராக ஏற்கிறோம் என்பதை அச்சொல் அறிவிக்கிறது.

முன்னிலை இடப்பெயரிலும் அவர்கள் நுட்பமான வேறுபாட்டைக் காக்கின்றனர். ஒருமையில் 'த்யூ', பன்மையில் 'வூ' என இரண்டு சொற்கள் உள்ளன. பன்மைச் சொல்லாகிய 'வூ' ஒருவரை மதிப்புடன் விளிக்கவும் பயன்படுகிறது. 'நீ', 'நீங்கள்' என்னும் வேறுபாட்டை உடைய நமக்கு இது வியப்பளிப்பதில்லை. ஆயினும், அவர்கள் ஒருபடி மேலே சென்று, 'த்யூ என விளித்தல்', 'வூ என விளித்தல்' ஆகிய இரு செயல்களுக்கும் தனித்தனி வினைச்சொற்களையே ஆக்கி வைத்துள்ளனர். ஒருவரை நெருக்கமாக விளிக்கத் தொடங்குமுன், 'இனி நாம் த்யூ என்று பேசிக்கொள்ளலாமா?' என இசைவு கேட்பதும் உண்டு. 1793இல் புரட்சியாளர்கள் சமத்துவத்தின் பெயரால் எல்லாரையும் 'த்யூ' என்றே விளிக்க வேண்டுமென வற்புறுத்தினர். அம்முயற்சி நீடிக்கவில்லை. அரசனை அகற்ற முடிந்த புரட்சியால் ஓர் இடப்பெயரை அகற்ற இயலவில்லை.

2. வேளைக்கு ஒரு பெயர்

பிரெஞ்சில் காலை உணவு 'பெத்தி தெஜெனே', நண்பகல் உணவு 'தெஜெனே', இரவு உணவு 'தினே' எனப்படும். 'ஜெனே' என்பது நோன்பிருத்தல். 'தெஜெனே' என்பது நோன்பை முறித்தல். அவ்வாறாயின், நண்பகல் உணவுக்கு அப்பெயர் எவ்வாறு பொருந்தும் என்னும் ஐயம் எழுதல் இயல்பு. முற்காலத்தில் காலை உணவே 'தெஜெனே'; நண்பகல் உணவு 'தினே'; மாலை உணவு 'சூப்பே'. நகர வாழ்க்கையில் உணவு வேளைகள் சிறிது சிறிதாகப் பின்னோக்கித் தள்ளிப்போகவே, பெயர்களும் உடன் நகர்ந்தன. காலையில் பெயரற்று நின்ற உணவுக்குச் 'சிறிய தெஜெனே' என்னும் பொருளில் 'பெத்தி தெஜெனே' என்ற பெயர் அமைந்தது. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் கனடாவின் கியூபெக் மாநிலத்திலும் பிரெஞ்சு பேசுவோர் இன்றும் பழைய பெயர்களையே வழங்குகின்றனர். ஒரு மொழியின் பழைய வழக்கு அதன் தாயகத்தில் மறைந்து, புலம்பெயர்ந்த இடத்திலும் எல்லைப்புறத்திலும் வாழ்தல் மொழியியலார் நன்கறிந்த உண்மையாகும். மேலும் ஒரு நயம் உண்டு: 'தெஜெனே', 'தினே' ஆகிய இரண்டும் ஒரே இலத்தீன் வினைச்சொல்லின் இரு வேறு வடிவங்களேயாம்.

உலகெங்கும் வழங்கும் 'ரெஸ்டாரண்ட்' என்ற சொல்லும் பிரான்சில் தோன்றியதே. 'மீண்டும் வலிமை ஊட்டுவது' என்பது அதன் பொருள். முதலில் அச்சொல் உடல் நலிந்தோர் அருந்தும் இறைச்சிச் சாற்றைக் குறித்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிசில் அச்சாற்றை விற்ற கடைகளுக்கு அப்பெயர் ஆகுபெயராக வந்தது. அதுபோன்றே, 'மெனு' என்ற சொல்லைக் கண்டு பயணிகள் மயங்குவதுண்டு. பிரான்சில் உணவுப் பட்டியல் 'கார்த்' எனப்படும்; 'மெனு' என்பது குறித்த விலைக்கு வரிசையாகப் பரிமாறப்படும் உணவுத் தொகுதியையே பெரும்பாலும் குறிக்கும்.

இவ்வரிசை முறை பிரெஞ்சு உணவின் உயிர்நாடி. 2010ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் 'பிரெஞ்சு மக்களின் விருந்துணவு' என்பதை மானுடத்தின் தொட்டுணர இயலாத மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. அங்கீகாரம் பெற்றது எந்தவொரு பண்டமும் அன்று என்பது கருதத்தக்கது. பிறப்பு, திருமணம், ஆண்டு நிறைவு போன்ற நிகழ்வுகளுக்காக மக்கள் கூடி உண்ணும் வழக்கமே அங்கீகாரம் பெற்றது. முன்பானத்தில் தொடங்கும் அவ்விருந்தில் தொடக்க உணவு, காய்கறியுடன் மீனோ இறைச்சியோ, பாலாடைக்கட்டி, இனிப்பு எனக் குறைந்தது நான்கு படிகள் அமையும். ஒவ்வொரு படிக்கும் இடையே பேச்சு நிகழும். உண்ணும் உணவைப் பற்றியே பேசுவர். எங்கு வாங்கியது, யார் சமைத்தது, சென்ற முறை எவ்வாறு இருந்தது என்று பேசுவர். பெரியோர் பேச, சிறியோர் கேட்டுக்கொண்டிருப்பர். உணவு மேசை அவர்களுக்கு ஒரு வகுப்பறையுமாகும். இக்கருத்தை நினைவிற்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இதற்கே திரும்புவோம்.

3. ரொட்டியைப் பகிர்ந்தோர்

நண்பனைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொற்களுள் ஒன்று 'கொப்பேன்'. தோழனைக் குறிக்கும் 'கொம்பாஞோன்' என்ற சொல்லோடு அது உறவுடையது. இரண்டுக்கும் வேர் 'உடன்', 'ரொட்டி' என்னும் பொருளுடைய இரு இலத்தீன் சொற்கள். ரொட்டியைப் பகிர்ந்து உண்பவனே நண்பன் என்பது அச்சொல்லுள் பொதிந்த கருத்து. ரொட்டி இல்லாமற்போன காலத்தில் அந்நாட்டின் வரலாறே திசைமாறியது. 1789ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் பாரிசின் பெண்கள் ரொட்டி கேட்டு வெர்சாய் அரண்மனைக்கு நடந்தனர்; மறுநாள் அரச குடும்பம் பாரிசுக்குத் திரும்ப நேர்ந்தது.

இன்று பிரான்சின் அடையாளமாகத் திகழும் நீண்ட ரொட்டியின் பெயர் 'பகெத்'. அதன் பொருள் கோல் என்பதே. இசைக்குழுவை நடத்துபவர் கையிலுள்ள கோலும், சீனர் உண்ணப் பயன்படுத்தும் குச்சியும் பிரெஞ்சில் 'பகெத்' எனவே வழங்கும். இந்த ரொட்டியின் தரத்தைக் காக்க அரசு சட்டத்தின் துணையை நாடியது. 1993ஆம் ஆண்டின் ஆணைப்படி, 'பிரெஞ்சு மரபு ரொட்டி' என்னும் பெயரில் விற்கப்படுவது கோதுமை மாவு, நீர், உப்பு, புளிப்பூட்டி ஆகியவற்றைக் கொண்டு செய்யப்பட வேண்டும்; இசைவளிக்கப்பட்ட சில மாவுகள் சிறிதளவு சேரலாம்; வேறு வேதிச் சேர்க்கைகள் கூடா; செய்முறையின் எந்நிலையிலும் அதனை உறையவைத்தல் கூடாது. 1998ஆம் ஆண்டின் சட்டமோ கடையின் பெயர்ப்பலகையையே நெறிப்படுத்தியது. மாவைப் பிசைந்து, உருவாக்கி, சுட்டெடுக்கும் பணிகளைத் தாமே செய்பவரே தம் கடையை 'பூலான்ஜெரி' என அழைக்கலாம். பிற இடத்திலிருந்து உறைந்த மாவை வாங்கிச் சுட்டு விற்பவர்க்கு அச்சொல் உரியதன்று. 2022இல் யுனெஸ்கோ பகெத் செய்யும் கைவினை அறிவையும் தன் பட்டியலில் சேர்த்தது.

ஒரு சொல்லைத் தவறாகப் பயன்படுத்துதல் மக்களை ஏமாற்றுதலுக்கு ஒப்பாகும் என்னும் எண்ணம் இச்சட்டங்களின் அடியில் உள்ளது. பொருளைக் காக்க வேண்டுமாயின் முதலில் அதன் பெயரைக் காக்க வேண்டும் என அவர்கள் கருதினர்.

4. நிலமும் பெயரும்

இவ்வெண்ணம் இன்னும் தெளிவாகப் புலப்படுவது 'தெர்வார்' என்னும் சொல்லில். மண், வெயில், மழை, சரிவு, அங்கு வாழ்வோரின் கைப்பழக்கம் ஆகிய அனைத்தும் சேர்ந்து ஒரு விளைபொருளுக்குத் தரும் தனித்தன்மையை இச்சொல் குறிக்கும். பிற மொழிகள் பலவும் இதனை மொழிபெயர்க்க இயலாமல் அப்படியே கடன்வாங்கியுள்ளன. நிலத்துக்கு ஏற்ப உணவு அமையும் என்னும் கருத்து தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைக் கூறும்போது உணவையும் அவற்றுள் வைத்தார். நாம் இலக்கணத்தில் வகுத்ததற்கு ஒப்பான ஒன்றைப் பிரெஞ்சுக்காரர்கள் சட்டத்தில் வகுத்தனர்.

1925ஆம் ஆண்டு 'ரொக்ஃபோர்' என்னும் பாலாடைக்கட்டியின் பெயருக்குத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. ஆட்டுப்பாலில் செய்த அக்கட்டி, ரொக்ஃபோர் ஊரின் இயற்கைக் குகைகளில் முதிர்ந்தால்தான் அப்பெயருக்கு உரியதாகும். 1935இல் இத்தகைய இடப்பெயர் உரிமைகளை மேற்பார்வையிட ஒரு தேசிய அமைப்பு தோன்றியது. 'ஷம்பாஞ்' வட்டாரத்தில் விளைந்த திராட்சையில் உரிய முறைப்படி செய்த நுரைமதுவே அப்பெயரைத் தாங்கலாம். பக்கத்து மாவட்டத்தில் அதே முறையில் செய்தாலும் வேறு பெயரே பெறும். 'ஃப்ரொமாஜ்' என்னும் பாலாடைக்கட்டியின் பொதுப்பெயரோ 'அச்சு' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பாலை உறையவைத்து அச்சில் இட்ட செயல் அப்பெயரில் இன்றும் உறைந்துள்ளது.

5. ஆண்டு முழுவதும் ஒரு பண்டம்

பிரெஞ்சு மக்களின் மரபுகள் பலவும் பண்டங்களோடு பிணைந்தவை. சனவரி 6ஆம் நாளையொட்டி, குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று அரசர்களின் நினைவாக, 'அரசர்களின் பணியாரம்' எனப் பொருள்படும் 'கலெத் தே ருவா' உண்ணப்படுகிறது. வட பகுதியில் அது வாதுமை விழுது வைத்த அடுக்கு மாவுப் பண்டம். தென் பகுதியில் வளைய வடிவிலான இனிப்பு ரொட்டி. அதனுள் ஒரு சிறு பொருளை மறைத்து வைப்பர். வீட்டின் கடைக்குட்டி மேசையின் அடியில் அமர்ந்து, எத்துண்டு யாருக்கு என்று சொல்லும். மறைபொருள் யாருடைய துண்டில் கிடைக்கிறதோ அவரே அன்றைய அரசர் அல்லது அரசி. காகித மகுடம் சூட்டப்படுவார். அம்மறைபொருளின் பெயர் 'ஃபெவ்', அதாவது அவரைக்கொட்டை. முன்னாளில் உண்மையான கொட்டையையே வைத்தனர். இன்று வைப்பதோ பீங்கான் பொம்மை. பொருள் மாறியது, பெயர் மாறவில்லை. குடியரசுத் தலைவரின் மாளிகையில் வெட்டப்படும் பணியாரத்தில் மட்டும் ஃபெவ் வைப்பதில்லை. குடியரசின் இல்லத்தில் எவரும் அரசராதல் பொருந்தாது அன்றோ!

பிப்ரவரி 2ஆம் நாள் 'ஷாந்தலர்' எனப்படும் விளக்குத் திருநாளில் வீடுதோறும் 'கிரெப்' என்னும் மெல்லிய அப்பம் சுடுவர். ஒரு கையில் நாணயத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையால் அப்பத்தை மேலே எறிந்து திருப்பினால் அவ்வாண்டு செல்வம் குறையாது என்பது நம்பிக்கை. மே முதல் நாளில் மணிமணியாக வெண்பூக்கள் தொங்கும் 'முகே' மலர்க்கொத்தை ஒருவர்க்கொருவர் அளிப்பர். நவம்பர் மாதத்தின் மூன்றாம் வியாழக்கிழமை அவ்வாண்டின் புதிய பொழொலே மது விற்பனைக்கு வரும். கிறிஸ்துமஸ் இரவில் தென்கிழக்கிலுள்ள புரோவான்ஸ் வட்டாரத்தார் 13 வகை இனிப்புகளை மேசையில் பரப்புவர். இயேசுவும் அவர்தம் 12 சீடரும் அவ்வெண்ணிக்கைக்கு அடிப்படை.

6. மேசையில் எஞ்சிய மொழிகள்

இதுகாறும் 'பிரெஞ்சு உணவு' என ஒன்றாகக் கூறி வந்தோம். பாரிசை விட்டு வெளியேறும் பயணி, அது ஒன்றன்று என்பதை உணவுப் பட்டியலிலேயே கண்டுகொள்வார்.

மேற்குக் கடலோரத்தில் உள்ள பிரெத்தாஞ் வட்டாரத்தில் 'குயின் அமான்' என்னும் இனிப்பு புகழ்பெற்றது. அப்பெயர் பிரெஞ்சு அன்று; பிரெத்தோன் மொழிக்குரியது. 'குயின்' என்பது பணியாரம்; 'அமான்' என்பது வெண்ணெய். பிரெத்தோன், பிரித்தானியத் தீவின் வேல்சு மொழிக்கு உறவான கெல்திக் மொழி. தென் பகுதிக்குச் சென்றால், 'அயோலி' என்னும் தொடுகறி கிடைக்கும். 'பூண்டு', 'எண்ணெய்' என்னும் இரு சொற்களின் புணர்ச்சி அது. அச்சொற்கள் ஒக்சித்தான் மொழியைச் சேர்ந்தவை. மார்செய் துறைமுகத்தின் மீன் குழம்பாகிய 'புய்யாபேஸ்' என்பதும் அம்மொழியினதே. 'கொதிக்கவை, தணி' என்னும் பொருள் தரும் இரண்டு சொற்களால் ஆனது. கிழக்கெல்லையில் உள்ள அல்சாசு வட்டாரத்தின் சிறப்புணவு 'ஷூக்ரூத்'. அவ்வட்டாரத்தின் செர்மானியப் பேச்சுமொழியில் 'சூர்' என்பது புளிப்பு, 'க்ரூத்' என்பது முட்டைக்கோசு. பிரெஞ்சு பேசுவோர் செவியில் 'சூர்' என்பது, பிரெஞ்சில் முட்டைக்கோசைக் குறிக்கும் 'ஷூ' என ஒலித்தது. எனவே முட்டைக்கோசு சொல்லின் முற்பாதிக்கு இடம்பெயர, புளிப்பு காணாமற் போயிற்று! மக்கள்வழிச் சொற்பிறப்பு என மொழியியலார் கூறும் மாற்றத்துக்கு இதனினும் சுவையான சான்று கிடைத்தல் அரிது.

இம்மொழிகள் இன்று எந்நிலையில் உள்ளன? அதனை அறியச் சிறிது வரலாறு வேண்டும். 1539இல் முதலாம் பிரான்சுவா மன்னர் நீதிமன்ற ஆவணங்கள் பிரெஞ்சில் அமைய வேண்டும் என ஆணையிட்டார். 1635இல் ரிஷலியே பிரெஞ்சுக் கழகத்தை நிறுவினார்; 40 உறுப்பினர் கொண்ட அக்கழகம் இன்றும் மொழியின் காவலாக இயங்குகிறது. ஆயினும், புரட்சியின்போது 1794இல் கிரெகுவார் என்னும் பாதிரியார் அளித்த அறிக்கை, குறைந்தது 6 மில்லியன் மக்கள் பிரெஞ்சை அறியார் என்றும், அதனைத் தூய்மையாகப் பேசுவோர் 3 மில்லியனுக்கு மேல் இலர் என்றும் கூறியது. வட்டார மொழிகளை ஒழித்துப் பிரெஞ்சைப் பொதுவாக்க வேண்டும் என்பதே அவ்வறிக்கையின் நோக்கம். 1881, 1882ஆம் ஆண்டுகளில் ஜூல் ஃபெரி கொண்டுவந்த சட்டங்கள் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கின. அக்கல்வி பிரெஞ்சில் மட்டுமே நிகழ்ந்தது. பிரெத்தாஞ் பள்ளிகளில் தாய்மொழி பேசிய சிறுவனின் கழுத்தில் மரச்செருப்பு போன்ற ஒரு பொருளைத் தொங்கவிட்டனர். மற்றொரு சிறுவன் அம்மொழியைப் பேசுவதைக் கண்டுபிடித்து அவன் கழுத்தில் மாட்டும்வரை முன்னவன் அதனைச் சுமந்தான். பிள்ளையைக் கொண்டே பிள்ளையை ஒற்றறியச் செய்த முறை அது.

ஆனால், பள்ளித் தண்டனை மட்டுமே பிரெத்தோனை வீழ்த்தியது எனல் முழு உண்மையாகாது. தண்டனை பெற்ற தலைமுறையினர் வீட்டில் அம்மொழியையே பேசினர். அவர்கள் பெற்றோரானபோது, குறிப்பாக இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில், தம் பிள்ளைகளிடம் பிரெஞ்சில் பேசத் தொடங்கினர். பிள்ளைகள் முன்னேற வேண்டும், தாம் பட்ட இழிவை அவர்கள் படலாகாது என்பதே அவர்களது எண்ணம். பெற்றோர் தம்முள் ஒரு மொழியிலும் பிள்ளைகளிடம் மற்றொரு மொழியிலும் பேசினர். அடுப்படியில் மொழி மாறியது. அடுப்பிலிருந்த உணவு மாறவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு மில்லியனுக்கும் மேற்பட்டோர் பேசிய பிரெத்தோனை யுனெஸ்கோவின் அட்டவணை கடுமையான அழிவுநிலையில் உள்ள மொழி எனக் குறிக்கிறது. குயின் அமானோ உலகின் பல நகரங்களில் விற்கப்படுகிறது.

ஒக்சித்தான் தரும் பாடம் இன்னும் ஆழமானது. அது இலக்கிய வளமற்ற பேச்சுமொழி அன்று. 12ஆம் நூற்றாண்டில் அதன் அகத்துறைக் கவிஞர்கள் ஐரோப்பியக் கவிதைக்கே வழிகாட்டினர். அதன் புரோவான்சு வழக்கில் எழுதிய ஃபிரெதெரிக் மிஸ்திரால் 1904ஆம் ஆண்டு இலக்கியத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். அம்மொழிக்குப் பேரகராதியும் தொகுத்தார். தொன்மை இருந்தது, இலக்கியம் இருந்தது, அகராதி இருந்தது, உலகப் பரிசும் கிட்டியது. வீட்டில் பிள்ளையிடம் பேசுவோர் குறைந்தபோது இவற்றுள் ஒன்றும் அம்மொழியின் வீழ்ச்சியைத் தடுக்கவில்லை.

மீட்சி முயற்சிகளும் இல்லாமல் இல்லை. 1977இல் பிரெத்தோன் வழிக் கல்விக்காகத் 'திவான்' பள்ளிகள் தோன்றின. அச்சொல்லுக்கு 'முளை' என்பது பொருள். 2008இல் வட்டார மொழிகள் பிரான்சின் மரபுச் செல்வம் என அரசமைப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஆயினும், 2021இல் அந்நாட்டு அரசமைப்பு மன்றம், முழுவதும் வட்டார மொழியிலேயே நடத்தப்படும் கல்விமுறை அரசமைப்புக்கு ஒவ்வாது எனத் தீர்ப்பளித்தது. ஆங்கிலச் சொற்களின் பெருக்கத்திலிருந்து பிரெஞ்சைக் காக்க 1994இல் சட்டம் இயற்றிய நாடு, தன் எல்லைக்குள் வாழும் பிற மொழிகளின் அச்சத்தைப் புரிந்துகொள்ள நெடுங்காலம் எடுத்துக்கொண்டது.

7. ரெயூனியன் தீவில் நம் சொற்கள்

இவ்வரலாறு நம்மை விட்டு விலகி நிற்பதன்று. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரெயூனியன் தீவு 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டமாக விளங்குகிறது. 1848இல் அங்கு அடிமைமுறை ஒழிக்கப்பட்டபின், கரும்புத் தோட்டங்களில் உழைக்க ஒப்பந்தத் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் தமிழர் பலர். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகக் கப்பலேறியோரும் அவர்களுள் அடங்குவர். 1882இல் பிரித்தானிய இந்திய அரசு அக்குடியேற்றத்தை நிறுத்தியது.

அத்தீவின் உணவு மேசையில் இன்று 'கறி' என்பது 'காரி' என வழங்குகிறது. எல்லா இனத்தாரும் நாள்தோறும் உண்ணும் உணவு அது. முருங்கைக் கீரை 'பிரெத் முருங்' எனப்படுகிறது. 'ருகாய்' என்னும் உணவுப் பெயர் நம் 'ஊறுகாய்' என்ற சொல்லிலிருந்து வந்ததென்பர். ஆனால், பொருள் மாறிவிட்டது; காரமான தொடுகறியையும், தக்காளியோடு இறைச்சிக் குழலப்பம் சேர்த்துச் சமைத்த குழம்பையும் இன்று அது குறிக்கிறது. கோயில்கள் உள்ளன, தீமிதித் திருவிழா நடைபெறுகிறது, காவடி எடுக்கின்றனர். தமிழ் மட்டும் வீட்டுமொழியாக இல்லை. பிரெஞ்சும் கிரியோலுமே அவ்விடத்தைப் பெற்றுள்ளன. மூதாதையர் மொழியைக் கற்க விரும்புவோர் இன்று வகுப்பறையில் அகரத்திலிருந்து தொடங்குகின்றனர்.

இங்கு மொழியியல் நோக்கில் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். எஞ்சிய சொற்கள் அனைத்தும் பெயர்ச்சொற்கள். காரி, முருங், ருகாய் ஆகியவை பெயர்கள். குயின், அமான் ஆகியவையும் பெயர்களே. ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்ச்சொற்கள் எளிதிற் செல்கின்றன. வினைச்சொற்கள் அத்துணை எளிதாகச் செல்வதில்லை. பெயர் ஒரு பொருளோடு ஒட்டிக்கொண்டு எங்கும் பயணம் செய்யும். வினையோ காலம், இடம், எண் காட்டும் இலக்கணத்தைத் தன்னுடன் சுமந்து நிற்பது. பேசுவோர் இருந்தாலன்றி அது வாழாது. ஆதலின், உணவின் பெயர் வழங்குவதைக் கொண்டு மொழி வாழ்கிறது என முடிவு செய்தல் பொருந்தாது.

8. நமக்குரிய பாடம்

மலாய் மொழியில் நம் கறி 'காரி' என்றும் ஆப்பம் 'அப்பம்' என்றும் முறுக்கு 'முருக்கு' என்றும் வழங்குகின்றன. தோசையின் பெயரை அறியாதார் நம் நாடுகளில் எவ்வினத்திலும் அரியர். இதனால் நாம் பெருமை கொள்ளலாம். ஆனால், அமைதி கொள்ளலாகாது. பெயர்கள் நாம் இல்லாவிடினும் நிலைக்கும் என்பதை ரெயூனியன் காட்டுகிறது. தொன்மையும் இலக்கியமும் மட்டும் காவலாகா என்பதை ஒக்சித்தான் காட்டுகிறது. அன்பு மிகுந்த பெற்றோரும் ஒரு மொழியைக் கைவிட நேரும் என்பதைப் பிரெத்தாஞ் காட்டுகிறது. சமூக மொழியியலார் ஜோஷுவா ஃபிஷ்மன் 1991இல் வெளியிட்ட நூலில், தலைமுறைக்குத் தலைமுறை வீட்டில் கையளிக்கப்படுவதையே மொழி மீட்சியின் மையமாக வைத்தார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

ஆசிரியர்கள் இதனை எளிய ஒரு பயிற்சியாக வகுப்பறைக்குக் கொண்டுவரலாம். மாணவர்களிடம் உணவுகளின் பெயர்களைக் கேளாமல், சமையல் வினைகளைக் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். வதக்கு, தாளி, கிண்டு, துழாவு, இடி, புடை, பொரி, அவி, வடி, கடை, கரை, பிசை, ஊறவை, இறக்கு என நீளும் அப்பட்டியலை நூலிலிருந்து தொகுக்க இயலாது. பாட்டியோடும் தாயோடும் தந்தையோடும் அடுப்படியில் நின்றால்தான் தொகுக்க இயலும். 'வதக்கு' என்பதற்கும் 'வறு' என்பதற்கும் வேறுபாடு யாதென அவர்கள் வினவட்டும். விடை சொல்லும் பெரியவர் தமிழில் சொல்வார். கேட்கும் பிள்ளை தமிழில் கேட்கும். பட்டியலினும் அந்த உரையாடலே பயிற்சியின் பயன். தம் வீட்டில் எவ்வினை வழங்குகிறது, எவ்வினை மறைந்தது, மறைந்ததன் இடத்தில் எம்மொழிச் சொல் வந்தது என்பவற்றை மேல்நிலை மாணவர்கள் சிறு ஆய்வாகவும் எழுதலாம்.

பிரெஞ்சு மக்களின் விருந்துணவில் யுனெஸ்கோ போற்றியது பண்டத்தை அன்று, கூடியுண்ணும் வழக்கத்தை என முன்னர்க் கூறினோம். மேசையைச் சுற்றி அமர்ந்து, அவசரமின்றி, உண்பதைப் பற்றிப் பெரியோரும் சிறியோரும் பேசிக்கொள்ளும் அவ்வழக்கம் பிரெஞ்சு மொழியை அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கிறது. அதே மேசையில் பிள்ளைகளிடம் பேசப்படாமற்போன பிரெத்தோன் மொழி நலிந்தது. நம் வீடுகளிலும் நாளொன்றுக்கு ஒரு வேளையேனும் எல்லாரும் சேர்ந்து உண்ணும் வழக்கம் இருக்குமாயின், அவ்வேளையின் பேச்சு தமிழில் நிகழட்டும். அதற்குச் சட்டமோ கழகமோ பரிசோ தேவையில்லை.